இல்லாத கடல்வழியும் பழுதடைந்த பாதையும்

கண்டியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு ஹோட்டல் சுவருக்காகப் பழைய உலக வரைபடங்களின் அச்சுப் பிரதிகள் பன்னிரண்டு வந்தன. ஒன்றில் இலங்கை ஒரு கண்டம் அளவுக்கு இருந்தது. இன்னொன்றில் வட அமெரிக்காவை நடுவால் பிளந்துகொண்டு ஒரு கடல்வழி நேரே சீனப் பக்கம் போனது. அப்படி ஒரு கடல் அங்கே கிடையாது. தேடிப் போனவர்கள் காணவில்லை என்று திரும்பி வந்த பிறகும், வரைந்தவர்கள் அதை அழிக்காமல் வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்தார்களாம். படங்களோடு வந்த குறிப்பில் இருந்தது.

ஹோட்டலை அலங்கரிக்கிற பிள்ளை அதைப் பார்த்து, "என்ன கற்பனை பாருங்க அங்கிள்" என்றது.

"இதை நம்பிப் போனவன் கப்பலோட செத்திருப்பான், மிஸ்."

"காலையிலேயே என்ன அங்கிள் இப்படிப் பேசுறீங்க. நீங்க ஃப்ரேமைப் போடுங்க."

எனக்கு ரசிக்கிற மனநிலை இல்லை. முதல் நாள்தான் பிரதேச அலுவலகத்துக்குப் போய் வந்திருந்தேன். என் அக்கா ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறாள். அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. இரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு இரண்டு தடவை கண்டிக்கு வர வேண்டும். லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஆட்டோ வராது. தேயிலைக்கு நடுவே ஒற்றையடித் தடம்தான். நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கி இறக்குகிறார்கள். மழை நாளில் இரண்டு தடவை கீழே போட்டுவிட்டார்கள்.

பாதை கேட்டு அக்கா கொடுத்த மனுவைத்தான் விசாரிக்கப் போனேன். அதிகாரி மேசையில் அந்தப் பகுதியின் வரைபடத்தை விரித்து விரலை வைத்தார். "பாதை இருக்கே. கொங்கிரீட் போட்டு முடிஞ்சதுன்னு இருக்கு."

"படத்துல இருக்கு சேர். மலையில இல்ல."

"இருக்கிற பாதைக்கு மறுபடி எப்படிப் பாதை குடுக்கிறது?"

நானூறு வருடத்துக்கு முந்தியவன் பார்க்காததை வரைந்தான். கடலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க அவனிடம் வசதி இல்லை, விட்டுவிடலாம். இவருக்கு வாசலில் ஜீப் நிற்கிறது.

ஐந்து தடவை போய்ச் சத்தம் போட்ட பிறகு அந்த ஜீப்பில் வந்தார். தார் முடிகிற இடத்தில் இறங்கி, பாதை எங்கே தொடங்குகிறது என்று கேட்டார்.

"உங்க படத்தைப் பாத்து நடங்க சேர், நாங்க பின்னால வாறோம்" என்றாள் அக்கா. கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். பாதி மலையில் அவர் காலெல்லாம் அட்டை. மூச்சு வாங்க நின்றார். அங்கிருந்தே இறங்கிப் போனார். கண்ணால் பார்த்துவிட்டார், இனிப் பாதையைப் படத்திலிருந்து அழித்துவிடுவார் என்று நினைத்தேன். என் மடத்தனம்.

அடுத்த மாதம் அக்காவுக்குக் கடிதம் வந்தது. மேற்படி பாதை மழையினால் பழுதடைந்துள்ளது. அதைத் திருத்துவதற்கு, பாதை முன்பு நல்ல நிலையில் இருந்ததாக மனுதாரர் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

லயத்து வாசலில் நின்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அக்கா பறித்துக்கொண்டாள்.

"இல்லாத பாதையை இருந்ததுன்னு எழுதிக் குடுப்பியா? போடாத கொங்கிரீட்டை எவனோ தின்னுட்டான். அவனைக் காப்பாத்தப் போறியா?"

"எவன் தின்னா எனக்கென்ன தம்பி. மனுஷன் உள்ள படுத்திருக்காரு. பேனாவைக் குடு."

கொடுத்தேன். கதவில் வைத்தே கையெழுத்துப் போட்டாள். உள்ளேயிருந்து அத்தான், திகதியும் போடச் சொன்னார். திகதியைப் போட்டது நான்தான்.