கழுவியும் போகாத துகள்

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தில் மூத்தவர் என் தம்பி. அரிமளத்தில் அவரைப் பெற்ற ஒன்பதாம் நாள் ஆத்தா கண்ணை மூடினார். அன்றிலிருந்து என் இடுப்பில் வளர்ந்தவர். எனக்குக் கையெழுத்துப் போட வரும், கோத்து எழுத வராது. தம்பியின் முதலாண்டு நினைவு மலருக்காக நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

தம்பி புதுக்கோட்டையில் கல்லூரி முடித்து, வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேதியியல் விஞ்ஞானியானார். மருந்துப் பொருட்களைச் சேர்த்துக் கட்டும் வேலை. அதற்கு வினையூக்கி என்று ஒன்று வேண்டுமாம்.

"பாலுக்கு ஒறை ஊத்துற மாதிரியா தம்பி?"

"இல்லக்கா. ஒறமோரு தயிரோட கலந்துரும். இது ரெண்டையும் சேத்து வச்சுட்டு, அப்படியே வெளிய வந்துரும்."

"கல்யாணத் தரகன்னு சொல்லு. கமிஷன் வாங்காத தரகன நான் பாத்ததில்ல. எதுக்கும் நல்லாத் தேடிப் பாரு."

வினையூக்கியாகப் போடும் விலையுயர்ந்த உலோகம் இல்லாமலே ஒரு மருந்துப் பொருளைச் செய்து காட்டியதாகத் தம்பி கட்டுரை எழுதினார். பேர் வந்தது. தலைமைப் பதவி அவருக்குத்தான் என்றார்கள். மறு ஆண்டே அந்தக் கட்டுரையைத் தாமாகவே திரும்பப் பெற்றார். பதவி வேறொருவருக்குப் போனது. கேட்டால், "தப்பு என்னோடதுக்கா, விடு" என்பதோடு சரி.

நான் விடவில்லை. தப்புச் செய்கிற கையா அது? அவரிடம் ஆய்வு செய்த மாணவி மேல் எனக்குச் சந்தேகம். குடுவை கழுவுவது அந்தப் பெண்ணின் பொறுப்பு. என் கையால் சாப்பிட்டவள், அதன்பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. "அவதான் எதையோ கலந்து கெடுத்துட்டா" என்று கல்யாண வீடு, காதுகுத்து, போன இடமெல்லாம் சொன்னேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் பலர் அதை என் வாயாலேயே கேட்டவர்கள்.

தம்பி இறந்தது மாரடைப்பால் என்று மருத்துவர் சொன்னதையும் இன்னொரு மருத்துவரிடம் கேட்டுத்தான் நம்பினேன்.

கருமாதியன்று அந்தப் பெண் வந்தார்.

"குடுவையக் கழுவுனது நீதானே? இங்கிட்டு எந்த மொகத்தோட வந்த?"

"நான்தாங்கம்மா கழுவுனேன். குடுவைக்குள்ள சுத்துற காந்தத் துண்டுல ஒரு கீறல். அதுக்குள்ள பழைய உலோகம் துளியூண்டு ஒட்டியிருந்துச்சு. எத்தன தடவ கழுவுனாலும் போகாது. அதுதான் வேலையச் செஞ்சிருக்கு. புதுத் துண்டு போட்டுப் பாத்து சார்தான் கண்டுபிடிச்சாங்க."

"அப்ப ஏன் வீட்டுக்கு வரல?"

"நீங்க பேசுனது என் காதுக்கும் வந்துச்சுங்கம்மா."

கட்டுரையைத் திரும்பப் பெற்றபோது தம்பி எழுதிய கடிதத்தின் நகலை அந்தப் பெண் கொடுத்தார். ஆங்கிலம். அவர் கொண்டுவந்த காகிதத்தை அவரையே படிக்கச் சொல்வேனா? தம்பி எதையும் மூன்று முறை செய்து பார்ப்பவர். நான் பேத்தி, தபால்காரர், பள்ளிக்கூட டீச்சர் என்று மூன்று பேரிடம் தனித்தனியே கொடுத்தேன். மூவரும் ஒன்றையே படித்தார்கள்: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பிழை என்னுடையது, மாணவியின் வேலையில் குறை இல்லை.

நானும் என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பெண்ணிடம் குறை இல்லை. பிழை என்னுடையது.

தம்பியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், இந்த ஓராண்டும் எங்களோடு நின்ற உறவுகளுக்கும் நன்றி. வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டும், கோபிக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுப் போன அந்தப் பெண்ணுக்கு எல்லோருக்கும் முந்திய நன்றி.

தங்கம், எழுதுனத வாசி. பிழை என்னுடையதுங்கிற வரிய, அப்பத்தாவுக்குக் கௌரவக் கொறச்சலுன்னு நீ விட்டுருப்ப. மொதல்லருந்து வாசி, கேப்போம்.