சந்திரகலா கேட்கும் கேள்வி

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் அப்பாதுரையின் மருந்துக்கடைக்கு மனைவிக்காக மாத்திரை வாங்க வரும் ஆண்கள், சந்திரகலா உள்ளே இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவார்கள். அவள் இருந்தால் மருந்து சுலபத்தில் கைக்கு வராது.

“யாருக்குங்க?” என்பாள்.

“வீட்ல.”

“வீட்ல மாசமா இருக்காங்களா? கைக்கொழந்தைக்குப் பால் குடுக்கறாங்களா?”

பத்துப் பேர் நிற்கும் கடையில் கணீரென்று கேட்பாள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தலையைச் சொறிவார்கள். “போன் போட்டுக் கேளுங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

செங்கம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கும் குடும்பம் அவளுடையது. நர்சிங் படிக்கத்தான் ஆசைப்பட்டாள். இடம் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் சேரலாம் என்று மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தவளுக்கு, அந்தப் பாடம் எதிர்பாராமல் பிடித்துப் போய்விட்டது. தாய் விழுங்கும் மாத்திரையில் எது பிள்ளையிடம் போகும், எது போகாது, எந்த மாதத்தில் போனால் என்ன செய்யும் என்பதெல்லாம் அவளுக்கு மர்மக்கதை படிப்பது போல இருந்தது. அப்பாதுரையின் கடையில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்த ஆர்வம் குறையவில்லை.

பௌர்ணமி நெருங்கினால், கிரிவலம் போகவேண்டும், நாள் தள்ளிப்போக மாத்திரை கொடுங்கள் என்று பெண்கள் வருவார்கள். அவர்களிடமும் அதே கேள்விதான். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அந்த மாத்திரைக்குப் பதிலாகக் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிக்கொண்டு வெட்கச் சிரிப்போடு போனவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு.

“நாம மருந்துக்கடை நடத்தறோமா, சென்சஸ் எடுக்கறோமா?” என்று அப்பாதுரை அலுத்துக்கொள்வார். ஆனால் அவளைத் தடுத்ததில்லை.

போன தை மாதம் ஒரு நாள் காலையில் வேடியப்பன் வந்தான். அடி அண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியை அணைக்காமலே இறங்கி வந்து, மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த சீட்டை நீட்டினான். முகப்பருவுக்கு ஒரு தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. மேலே கவிநிலா என்று பெயர். தேதி இரண்டு வருடம் பழையது.

“இது யாருங்க?”

“என் வொய்ஃப்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுக்கிட்டா, நல்லா கேட்டுச்சாம். அடுத்த வாரம் தங்கச்சிக்குக் கல்யாணம். மூஞ்சியெல்லாம் பரு திரும்ப வந்துடுச்சுன்னு ஒரே அழுகை.”

சந்திரகலா சீட்டைக் கீழே வைத்தாள். “மாசமா இருக்காங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“நாள் தள்ளிப் போயிருக்கா?”

வேடியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் வேறு சிரித்தார்கள். “மூஞ்சிக்குப் போடற மாத்திரைக்கும் வயித்துக்கும் இன்னாங்க சம்பந்தம்?”

“நெறைய சம்பந்தம் இருக்குங்க. வயித்துல கரு இருக்கும்போது இந்த மாத்திரை போட்டா கொழந்தையோட மூளை, இதயம், முகம் எல்லாமே பாதிக்கலாம். கரு இல்லன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு டாக்டர்தான் எழுதணும். பழைய சீட்டுக்குக் குடுக்க மாட்டேன்.”

“வேற கடையே இல்லியா ஊர்ல?” என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினான்.

அவள் விடவில்லை. கவுன்ட்டரின் தூக்குப் பலகையைத் தள்ளிவிட்டு வெளியே வந்து ஆட்டோ முன்னால் நின்றாள். “கோச்சுக்காதீங்க. எங்க வேணா வாங்குங்க. அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை நான் பேசறேன். போன் போடுங்க.”

வேறு வழியில்லாமல் போட்டான். கவிநிலாவிடம் சந்திரகலா இரண்டே நிமிடம்தான் பேசினாள். மறுமுனையில் தேதிகளை எண்ணும் முணுமுணுப்பு கேட்டது. பிறகு, “ஒம்போது நாள் ஆவுதுக்கா... கல்யாண வேலைல நான் கவனிக்கவே இல்ல” என்றது குரல்.

வேடியப்பன் பரிசோதனை அட்டையோடு திரும்பிப் போனான். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே பால்கோவா டப்பாவோடு வாசலில் நின்றான். வாயெல்லாம் பல்.

“ரெண்டு கோடுங்க!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். முதல் நாள் வெட்கப்பட்டவன் அவன்தானா என்று அப்பாதுரைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சந்திரகலா அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்தபடியே வேலை செய்தாள். அந்தச் சந்தோஷம் மூன்று வாரம் நீடித்தது.

மூன்று வாரம் கழித்துக் கவிநிலாவே கடைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே வீக்கம், நடையில் சோர்வு. மாசமானால் சோர்வு வரும்தான். ஆனாலும் சந்திரகலாவுக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

“இன்னா மாத்திரை சாப்பிடறீங்க?”

“எதுவுமே இல்லக்கா!” என்றாள் கவிநிலா பெருமையாக. “நீங்க சொன்னதிலேர்ந்து எல்லாத்தயும் நிறுத்திட்டேன். நர்சம்மா குடுத்த போலிக் ஆசிட் மாத்திரையைக்கூடப் பிரிக்கல. தைராய்டு மாத்திரையும் விட்டுட்டேன்.”

அன்று போனில் சந்திரகலா சொன்ன கடைசி வார்த்தை, “கேக்காம எந்த மாத்திரையும் போடாதம்மா” என்பது. ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்காமல் போனை வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருடமாகக் கேள்வி கேட்டே பேர் வாங்கியவள், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை.

“நான்தான் தப்புப் பண்ணிட்டேன்” என்றாள். “தைராய்டு மாத்திரையை விடவே கூடாதும்மா. மொதல் மாசங்கள்ல கொழந்தையோட மூளை வளர உன் தைராய்டுதான் வேணும். வா, போவலாம்.”

அப்பாதுரையிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு, கவிநிலாவைத் தன் வண்டியில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே டாக்டர் சிந்துஜா திட்டவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு மாத்திரை, போலிக் ஆசிட் மாத்திரை இரண்டையும் அன்றே தொடங்கச் சொன்னார். முடிவு வந்ததும் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார்.

“மாசமா இருக்கும்போது இந்த மாத்திரை முன்னைவிட ஜாஸ்தி தேவைப்படும். கம்மி ஆகக்கூடாது. சீக்கிரமே வந்துட்டீங்க, நல்லது. மாசா மாசம் ரத்தம் பாத்துக்கலாம்” என்றார்.

திரும்பி வரும் வழியில், பின்னால் உட்கார்ந்திருந்த கவிநிலாதான் சந்திரகலாவைத் தேற்றினாள். “விடுங்கக்கா. நீங்க இல்லன்னா அந்தப் பரு மாத்திரைய முழுங்கியிருப்பேனே.”

அன்றிலிருந்து சந்திரகலா, “நீங்களா போடாதீங்க, நீங்களா நிறுத்தவும் நிறுத்தாதீங்க” என்று சேர்த்துச் சொல்லத் தொடங்கினாள். வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிற பெண் கல்யாணப் பத்திரிகையோடு வந்தால், “பிள்ளை பெத்துக்கற யோசனை வந்தா அதுக்கு முன்னாடியே டாக்டரைப் பாத்துடு” என்று சொல்லாமல் அனுப்பியதில்லை.

புரட்டாசியில் கவிநிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குச் சற்றுக் கம்மி. குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தைராய்டு சரியாக இருந்தது. இனியா என்று பெயர் வைத்தார்கள்.

இருபதாம் நாள் வேடியப்பன் போன் செய்தான். கவிநிலாவுக்கு மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனால் அவன் அம்மா மணியம்மாள், மாத்திரை பாலில் இறங்கிவிடும், குழந்தைக்குப் பால் கொடுக்கவே கூடாது என்று தடுத்துவிட்டாள். குழந்தை ஓயாமல் அழுகிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சந்திரகலா அடி அண்ணாமலைக்குப் போனாள். மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்தாள். டாக்டரிடமும் போனில் ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

“பயப்படாதீங்கம்மா. இது பால் குடுக்கறவங்களுக்குன்னே பாத்து எழுதினது. பால்ல போறது ரொம்பக் கம்மி. பால் குடுக்கலன்னாதான் கட்டு இன்னும் ஜாஸ்தியாவும்” என்றாள் மணியம்மாளிடம்.

மணியம்மாள் சந்தேகத்தோடு பேத்தியைக் கொண்டுவந்து மருமகளின் மடியில் வைத்தாள். இனியா முட்டி மோதித் தேடிப் பிடித்துக்கொண்டது. கவிநிலா வலியில் முகத்தைச் சுளித்தாள். சிறிது நேரத்தில் சுளிப்பு மறைந்தது. வீட்டில் அழுகை நின்றது.

மணியம்மாள் உள்ளே போய், ஜவுளிக்கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து சந்திரகலாவின் முன் கவிழ்த்தாள். முட்டிவலிக்கு, தலைச்சுற்றலுக்கு, எதற்கென்றே தெரியாததற்கு என அட்டை அட்டையாக மாத்திரை கொட்டியது.

“இவ்ளோ தெரிஞ்சவ, இதுல எது எதுக்குன்னு எனக்குப் பிரிச்சுக் குடுத்துட்டுப் போம்மா” என்றாள்.

சந்திரகலா சிரித்துவிட்டாள். கடைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் அட்டையை எடுத்தாள்.