பட்டியில் நிறுத்திவைத்த பந்துவீச்சாளர்

பேஸ்பால் பந்தை என் ஆயுளில் நான் வீசியது ஒரே ஒரு முறை. அது, பிடிக்க நின்றவளை விட்டு விலகி, சுவரைத் தாண்டிப் போய், பக்கத்து நிட்டிங் கம்பெனி வாட்ச்மேனின் டீயைக் கவிழ்த்தது. இந்தத் தகுதியோடுதான் ஐம்பத்திரண்டாம் வயதில், பந்தை எப்போது வீசலாம், எப்போது வீசக் கூடாது என்று ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதம் பாடம் எடுத்தேன். அவள் ஏற்கெனவே நன்றாக வீசிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் கண்ட ஒரே குறை அதுதான்.

நல்லூரில் எனக்கு ஒரு சின்ன பிரிண்டிங் யூனிட். பனியன் முதுகில் பெயரும் எண்ணும் அடிப்பது தொழில். ஒருமுறை அமெரிக்காவுக்குப் போகிற பேஸ்பால் ஜெர்ஸி ஆர்டர் வந்தது. எண்ணை எந்த உயரத்தில் அடிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் முதல் ஆட்டத்தைக் கைபேசியில் போட்டேன். அங்கே சாயங்கால ஆட்டம், இங்கே காலை காப்பி நேரம். ஆர்டர் கப்பலேறிய பிறகும் காப்பியும் ஆட்டமும் நிற்கவில்லை. அப்புறம் கட்டுரைகள், புத்தகங்கள். எதையும் படித்தே தெரிந்துகொண்டுவிடலாம் என்று நம்புகிற வியாதி எனக்கு உண்டு. நீச்சலைக்கூட அப்படித்தான் கற்றேன். இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை.

எங்கள் ஊரில் டீமுக்கு ஜெர்ஸி கொடுக்கிறவர்தான் மேனேஜர். வேறு தகுதி யாரும் கேட்பதில்லை. அந்த ஆர்டரில் பெயர் அச்சை மாற்ற நான் மறந்ததால், ஒரே வெள்ளைக்காரக் குடும்பப்பெயரோடு இருபது ஜெர்ஸி மிஞ்சியது. எண்கள் மட்டும் வேறு வேறு. அவற்றை ஒரு பள்ளியின் பெண்கள் பேஸ்பால் அணிக்குத் தானமாகக் கொடுத்தேன். மைதானத்தில் இறங்கினால், ஏதோ ஒரு துரைக்குப் பிறந்த இருபது பெண்கள் பங்காளிச் சண்டைக்குக் கிளம்பியது போலிருக்கும். நான் மேனேஜர் ஆனேன்.

அந்த அணியில்தான் அவள் இருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, எனக்குத் துணி அனுப்புகிற கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவர். இந்தப் பெண் கையைச் சுழற்றி வீசினால் பந்து தெரியாது, பிடிக்கிறவளின் கையுறையில் 'டப்'பென்று சத்தம்தான் கேட்கும். மாவட்ட அணிக்குத் தேர்வாகி மாநிலப் போட்டியில் ஆடிவிட்டால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால், கோவையில் அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம். வயது வரம்புப்படி அவளுக்கு இதுவே கடைசி வருடம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நான் படித்தது இது. பேஸ்பாலில் மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது; பள்ளி ஆட்டத்துக்கு அப்படி ஏழு. ஆட்டத்தைத் தொடங்கி நெடுநேரம் வீசுகிறவர் ஒருவர். அவர் களைத்ததும் வந்து வீசுவதற்காக ஓரத்தில் ஒரு அடைப்புக்குள் சிலர் கை சூடேற்றிக் காத்திருப்பார்கள். அந்த அடைப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நம் ஊர் மாட்டுப்பட்டிதான். வருங்காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கப்போகிற இளம் வீச்சாளரை முதலில் இந்தப் பட்டியில் வைத்து, ஆட்டத்தின் பின்பகுதியில் ஒன்றிரண்டு இன்னிங்ஸ் மட்டும் கொடுத்துப் பழக்க வேண்டும் என்பது அங்குள்ள சில பெரியவர்களின் கொள்கை. தோளும் கெடாது, மனமும் பதப்படும். நூற்று அறுபத்துச் சொச்சம் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கான கொள்கை அது. எங்கள் அணி வருடத்துக்கு ஆடுவது நான்கு ஆட்டம். இந்தச் சின்ன வித்தியாசம் என் கண்ணில் படவில்லை.

தேர்வு ஆட்டத்துக்கு முந்தின நாள் நான்கு வண்ணத்தில் அட்டவணை போட்டு எடுத்துப் போனேன். அணியின் பயிற்சியாளரான பி.டி. டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது செலக்சன் மேட்சுங்க. அவளையே மொதல்ல எறக்கி உட்ரலாமுங்களே?"

"அவசரப்படக் கூடாதுங்க டீச்சர். அவளை நாம வளர்த்தோணும்."

"அவ ஏற்கனவே என்னைவிட ஒசரமுங்க."

அந்தப் பெண் என்னிடம் நேராகவே கேட்டாள். "ஏன் சார், ஏழு இன்னிங்ஸ் போட்டா என் கை கழண்டா போயிரும்? எங்கம்மா பத்து மணி நேரம் மெஷின்ல உக்காருதா. அவள ஒரு பட்டியிலயும் யாரும் நிப்பாட்டலயே."

"உன் நல்லதுக்குத்தான் கண்ணு," என்றேன். இந்த வாக்கியத்தைச் சொன்னவர்களில் யாரும் நல்லது செய்து நான் பார்த்ததில்லை.

உடுமலைப்பேட்டை மைதானத்தில் சாமியானா போட்டு மூன்று தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காற்றாலைக் காற்றில் சாமியானா ஒரு பக்கம் எழும்பிக்கொண்டே இருந்தது. எங்கள் தரப்பில் இன்னொருத்தி வீச ஆரம்பித்தாள். வேகம் இல்லை, ஆனால் நேராகப் போடுவாள். அவளே எதிர்பாராமல் நன்றாகப் போட்டாள். நம்முடைய நட்சத்திரம் தென்னை மரத்தடியில் கையில் பந்தை உருட்டிக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்தபோதெல்லாம் நான் அட்டவணையைப் பார்த்தேன்.

நான்காவது இன்னிங்ஸ் முடிந்ததும் தேர்வாளர்கள் எழுந்தார்கள். தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைத்தேன். ஜீப்பில் ஏறினார்கள்.

டீச்சர் ஓடி வந்தார். "கொமரலிங்கத்துல கெடா விருந்துங்களாமா. மொதல் பந்திக்குப் போகோணுமாமா. பேரெல்லாம் எழுதி முடிச்சுட்டாங்களாமுங்க."

அட்டவணைப்படி ஆறாவது இன்னிங்ஸில் அவளை இறக்கினேன். ஆறு பேர் மட்டையோடு வந்தார்கள். ஆறு பேரும் பந்தைத் தொடாமல் திரும்பினார்கள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுத்தமான இரண்டு இன்னிங்ஸ் இல்லை. காலி நாற்காலிகள் மூன்றும் அசையாமல் பார்த்தன. நான் கைபேசியில் படம் பிடித்தேன்.

பிறகு அவளையும் டீச்சரையும் காரில் ஏற்றிக்கொண்டு கொமரலிங்கத்துக்கு விரட்டினேன். கோயில் தோப்பில் பந்தி நடந்துகொண்டிருந்தது. தலைமைத் தேர்வாளர் இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"அட, வாங்க வாங்க! மொதல்ல உக்காந்து சாப்புடுங்க, அப்பறம் பேசிக்கலாமுங்க."

"இல்லீங்க, ஒரு ரெண்டு நிமிசம் இந்த வீடியோ மட்டும்..."

"வீடியோ எங்கீங்க போகப்போகுது? கறி ஆறிப்போயிருமுங்க."

கொங்கு நாட்டில் பிறந்தவனால் இதற்கு மேல் மறுக்க முடியாது. உட்கார்ந்தேன். டீச்சரும் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்கும் ஒருவர் இலை போட்டார்.

"நான் சாப்பிட வரல," என்றாள். கையுறையைக் கழற்றாமலே தோப்பு ஓரத்தில் நின்றாள். நான் குழம்புக்கும் ரசத்துக்கும் நடுவே மூன்று முறை அவள் பக்கம் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறி நன்றாக இருந்தது.

கை கழுவிய பிறகு தேர்வாளர் வீடியோவைப் பார்த்தார். ஏப்பம் பாதியில் நின்றது. இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார்.

"இந்தப் புள்ள எங்கீங்க இருந்துச்சு? நாங்க பாக்கவேயில்லீங்களே?"

"பின்னாடி போடறதுக்குன்னு வெச்சிருந்தேனுங்க."

"பின்னாடியா?" கைபேசியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "லிஸ்ட்டுல மூணு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சுங்களே. வேணும்ன்னா ரிசர்வ்ல பேரைச் சேத்தறேன். போறவங்கள்ல யாராச்சும் வரலீன்னா கூப்புடறமுங்க."

அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "அங்கயும் பட்டிதானா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு வாரம் காத்திருந்தோம். அந்த மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்கும் காய்ச்சல் வரவில்லை, கால் சுளுக்கவில்லை, கல்யாணம் நிச்சயமாகவில்லை. எல்லாரும் ஒழுங்காக ரயிலேறிப் போனார்கள். கோவைக் கல்லூரியின் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே பேஸ்பால் கிடையாது.

மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆனால் மன்னிப்பு என்று ஆரம்பித்தது எப்படியோ விளக்கவுரையாக மாறிவிட்டது. கொள்கை சரிதான், சூழ்நிலைதான் ஒத்துழைக்கவில்லை, அமெரிக்காவில் இப்படிக் காத்திருந்தவர்கள் பின்னால் எப்படியெல்லாம் வந்தார்கள், இதே முறையை அடுத்த வருடம் கொஞ்சம் திருத்தி... அவள் பாதியிலேயே எழுந்து வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் அம்மா மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீ டம்ளரை என் முன்னால் வைத்தார்.

"அடுத்த வருசமும் ஒரு பிள்ளைய வளக்கப் போறீகளா அண்ணாச்சி? சட்டைய மட்டும் குடுத்துட்டு வீட்ல இருந்துக்கிடுங்க."