மோசல் கரைவரை போன பிள்ளையார்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டுசல்டோர்ஃபிலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய ட்ரியர் நகரம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காரை ஓட்டியவர் என் கீழ்வீட்டுக்காரர் நேசன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்தில் அவர் மனைவி ராணி அக்கா. பின் சீட்டில் மதுரைக்காரனான நானும், துவாலையில் சுற்றிய கருங்கல் பிள்ளையாரும்.

எனக்கு ரோமானியக் காலத்து நகரத்தைப் பார்க்க ஆசை. அண்ணைக்கோ பிள்ளையாரை ஆற்றில் விட வேண்டும். போன வாரம் அவர் வீடு கூட்டும் மெஷினை உற்சாகமாக இழுத்ததில் பிள்ளையார் சரிந்து தும்பிக்கை உடைந்துவிட்டது. பின்னமான விக்கிரகத்தைக் கும்பிடக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விடுங்கள் என்று கோயில் ஐயர் சொல்லிவிட்டார்.

"வீட்டுப் பக்கத்திலேயே ரைன் ஆறு ஓடுதே அண்ணை?" என்றேன்.

"அங்க முழுக்கத் தெரிஞ்ச சனம் தம்பி. நான் பிள்ளையாரைத் தூக்கி எறியிறதைக் கண்டால், பிறகு கோயில் பக்கம் தலை காட்ட ஏலாது."

அக்கா முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பிள்ளையாரைப் பார்த்தார். அகதி முகாம் அறையில் அவர்கள் முதன்முதலில் வைத்துக் கும்பிட்ட சாமி அது. விட மனமில்லை, ஐயர் சொன்னதைத் தட்டவும் பயம். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

பதினொரு மணிக்குப் பேராலயத்தில் நின்றோம். உள்ளே நான்காம் நூற்றாண்டுச் சுவர் இன்னும் நிற்கிறது. வாசலில் உடைந்த ரோமானியத் தூண் ஒன்று கிடக்க, அதில் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். கொஞ்சம் தள்ளி, பேரரசர் கொலுவிருந்த மண்டபம் இப்போது தேவாலயம். இந்த ஊரில் எதையும் வீணாக்குவதில்லை போலிருக்கிறது.

அருங்காட்சியகத்தில்தான் வீனஸ் என்ற ரோமானியப் பெண் தெய்வத்தைக் கண்டோம். பளிங்குச் சிலையாம். தலை இல்லை, கை இல்லை; இடுப்பும் தொடையும் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். காவலுக்கு நின்ற அம்மாள் ஜெர்மன் மொழியில் விளக்கினார். கிறிஸ்தவம் வேரூன்றியபின் பழைய கோயில்கள் போய்விட்டன. பிற்காலத்தில் இந்தச் சிலையைத் தேவாலய முற்றத்தில் சங்கிலியால் கட்டித் தொங்கவிட்டார்கள். யாத்திரை வந்தவர்கள் ஆளுக்கொரு கல் எறிந்துவிட்டுப் போனார்கள், நூற்றாண்டுக் கணக்காக.

அக்கா நகரவில்லை. இப்போது இவளை யாராவது கும்பிடுகிறார்களா என்று ஜெர்மனில் கேட்டார்.

இல்லையே என்று காவல்கார அம்மாள் சிரித்தார். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் இவளைக் கேட்டுத்தான் வருகிறார்கள் என்றும் சொன்னார்.

மூன்று மணிக்கு, ட்ரியரை ஒட்டி ஓடும் மோசல் ஆற்றங்கரை. அண்ணை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, திருடனைப்போல் துவாலையை அவிழ்த்தார். ஆற்றில் சாமான் போட்டால் தண்டம் கட்ட வேண்டுமோ என்ற பயம் எனக்கு.

"இஞ்சருங்கோ, உந்த ஆறு எங்க போகுது?" என்றார் அக்கா.

"கோப்லன்ஸில ரைனோட சேருது."

"பிறகு?"

அண்ணை யோசித்தார். "டுசல்டோர்ஃபுக்குத்தான் வருது."

"எங்கட வீட்டுப் பக்கம் வாறவரை ஏன் தண்ணியில அனுப்புறியள்? காரிலயே வரட்டும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அண்ணை சிரிக்கவில்லை. "ராணி, ஐயர் என்ன சொன்னவர் எண்டு உமக்குத் தெரியும்தானே?"

"கும்பிடக் கூடாதெண்டுதான் சொன்னவர். வச்சிருந்து பார்க்கக் கூடாதெண்டு சொல்லேல்லை." அக்கா பிள்ளையாரின் உடைந்த தும்பிக்கையைத் தடவினார். "அந்த மனிசிக்கு இவ்வளவு கல்லெறிஞ்ச ஊரே அவவை உள்ள வச்சுப் பார்க்குது. நாங்கள் ஒரு தும்பிக்கைக்காக இவரை விடுறதோ?"

 அண்ணை பிள்ளையாரை மறுபடி துவாலையில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோல் அக்கா கையில் கொடுத்தார். அண்ணையின் கண் கலங்கியிருந்தது.

திரும்பும்போது பிள்ளையாருக்கு அக்காவின் மடி. சாமியறையில் இல்லை, வரவேற்பறை ஜன்னலோரம் என்று முடிவாயிற்று. விளக்கு கிடையாது, பூ கிடையாது, மந்திரம் கிடையாது.

"சதுர்த்திக்கு மோதகமாவது வைக்கலாமோ?" என்று அண்ணை மெல்லக் கேட்டார்.

"அவருக்குப் படைக்க ஏலாது," என்றார் அக்கா. "நாங்கள் பக்கத்தில இருந்து சாப்பிடுவம்."