டியூட்டிக்கு மூன்று அர்த்தம்

யுத்த காலத்தில் ஆவடி ராணுவக் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த குமாஸ்தா அவர். வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் அட்டை கிழிந்த அகராதி. ஒரு சொல்லைப் பிடித்தால் மாதக்கணக்கில் விடமாட்டார். அந்த மழைக்காலத்தில் 'டியூட்டி' சிக்கியிருந்தது. கடமை, முறைவேலை, சுங்கவரி என்று எல்லார் காதிலும் ஓதிக்கொண்டிருந்தார்.

அயனம்பாக்கம் ஏரிக்கரை கசிந்தது. மண் சுமக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்தானே, அவரும் வந்தார், குடையோடு. கரைமேல் நின்றபடி, சேற்றில் நின்ற எங்களுக்கு அந்தச் சொல்லை வாக்கியத்தில் போடும் விதத்தை விளக்கினார்.

கூடை சுமந்த பெரியவர் ஒருவர் பொறுமையிழந்தார். "அல்லாம் சரி நைனா, நீ இன்னா தூக்கினு வந்தே?"

"டியூட்டின்னா இன்னான்னே தெரியாத ஜனங்க! சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வோணாமா?"

"தோ, இந்தக் கூடையப் புடி."

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் நாங்கள் கசிவை அடைத்துவிட்டோம். மறுநாள் வேலைக்குப் போகும் ரயிலில் அவர் எல்லோரிடமும் இங்கிலீஷில் சொன்னார்: நேற்று ஏரிக்கரையில் தன் டியூட்டியைச் செய்தாராம். வாக்கியமும் அவருடைய வெள்ளைக் கோட்டைப் போலவே, ஒரு பொட்டுச் சேறு படாமல் இருந்தது.