தார் மணக்கும் ஒயின்

பெரிய மனிதர்கள் துப்பிய எச்சிலைச் சுமப்பது என் உத்தியோகத்தின் ஒரு பகுதியாக இருந்தது. யாங்கோனில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்த்தேன். இத்தாலியிலிருந்து வரும் புட்டிகளுக்குப் பர்மிய மொழியில் விளக்கம் எழுதுவதுதான் நான் சேர்ந்த வேலை. ஆனால் ஓட்டல்காரர்களையும் வசதியுள்ளவர்களையும் அழைத்து அவ்வப்போது ருசி பார்க்க வைப்பார்கள். அவர்கள் ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குள் உருட்டி, கொப்பளித்து, வெள்ளி நிற வாளி ஒன்றில் துப்புவார்கள். எழுதுகிறவள் சும்மாதானே நிற்கிறாள் என்று அந்த வாளியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கருஞ்சிவப்பாக, நுரை கட்டி, எவரெவருடைய வாயிலிருந்தோ வந்து வெதுவெதுப்பாகக் கிடக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்குவேன். இதே ஆட்கள் வெளியே வந்து காரில் ஏறும்போது, நடைபாதையில் வெற்றிலை துப்புகிறவனைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

முதலாளி தமிழர்தான். மிஷன் பள்ளியில் படித்து, தலைமுறை தலைமுறையாகக் குமாஸ்தா வேலை பார்த்த கிறிஸ்தவக் குடும்பம். அவருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது பரோலோ என்ற ஒயின் மேல். வட இத்தாலியின் மலைச்சரிவில், பனிமூட்டம் இறங்கும் காலத்தில் பறிக்கிற திராட்சை. தோலோடு வாரக்கணக்கில் ஊறப்போட்டு, ஆள் உள்ளே நிற்கக்கூடிய பெரிய மரப்பீப்பாய்களில் வருடக்கணக்கில் கிடத்தி, புட்டியில் அடைத்த பிறகும் பல வருடம் தொடாமல் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் நாக்கைப் பாக்கு கடித்த மாதிரி இழுத்துப் பிடிக்கும். காத்திருந்தால் நிறம் செங்கல்லாக மங்கி, தாரும் ரோஜாவும் கலந்த ஒரு வாசனை வருமாம். அவருக்கு ஒயின் அனுப்புகிற இத்தாலியக் குடும்பத்தில், மகன் நாகரிகமாகச் சின்னப் பீப்பாய்கள் வாங்கி வந்துவிட்டான் என்பதற்காகக் கிழவர் சாகும்வரை மகனோடு பேசவில்லையாம். இதைச் சொல்லும்போதெல்லாம் முதலாளிக்குக் கண் கலங்கும். நான் அந்தக் கதையைப் பர்மிய மொழியில் எழுதிக்கொடுத்தேன். அந்தக் கிழவரின் கையைப் பெரிய படமாக எடுத்து விளம்பரத் தாளின் முகப்பில் போட்டார்கள். தோல் வெடித்து, நகக்கண்ணெல்லாம் திராட்சைக் கறை ஏறிய கை. அதையே சட்டம் போட்டு வீட்டுச் சாப்பாட்டு அறையிலும் மாட்டியிருந்தார்.

தார் வாசனை என்று எழுதும்போது மட்டும் எனக்கு வயிறு எரியும். என் அப்பா முனிசிபாலிட்டி ரோடு கேங்கில் தார் காய்ச்சியவர். அவருடைய அப்பாவும் அதே வேலைதான். நகரத்தின் பாதித் தெருவுக்கு எங்கள் வீட்டு ஆட்கள் தார் ஊற்றியிருப்பார்கள். அப்பா வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். அப்பா அதைத் தனக்குக் கிடைத்த வசதியாக எடுத்துக்கொண்டு காலை நீட்டி உட்காருவார். நான் அவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து அந்த சீட்டுக்காரர்களின் மூஞ்சிகளைப் பார்த்து வளர்ந்தவள். அதே வாசனை ஒரு கண்ணாடிக் கோப்பையிலிருந்து வந்தால், கண்ணை மூடிக்கொண்டு "ஆகா" என்கிறார்கள்.

கரண்ட் போகிற கொடுமையை யாங்கோன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பசுந்தாங் பேட்டையில் எங்கள் மாடி வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் அப்பாவின் இருமல் தொடங்கிவிடும். நெஞ்செல்லாம் புகை குடித்த இருமல். ஈரத்துண்டைப் பிழிந்து அவர் மார்பில் போட்டுவிட்டு ஆபீசுக்கு வந்தால், அங்கே ஒயின் அறைக்கென்று தனியாக ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். புட்டிகள் குளிர்ச்சியாகப் படுத்துத் தூங்கும். அந்த அறைக்குள் போய்விட்டு வந்தால் எனக்கு உடம்பு குளிராது, பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவு வெறுப்பை வைத்துக்கொண்டு அதே வீட்டுக்கு மருமகளாகப் போக ஏன் சம்மதித்தாய் என்று கேட்கலாம். முதலாளியின் மகன் ஒரு நாள் என் கையிலிருந்து அந்த எச்சில் வாளியை வாங்கி, தானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தான். அதன் பிறகும் பலமுறை. முப்பது தாண்டிய ஒருத்திக்கு அது போதுமானதாக இருந்தது. அவன் என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டு நின்றான். கோயிலா சர்ச்சா என்பதுகூடப் பேசி முடிந்தது. இரண்டிலும் என்று தீர்ந்தது. அவனுடைய அம்மா மட்டும் சொந்தக்காரர்களிடம் என் அப்பாவை "முனிசிபல் ஆபீஸ்ல இருந்தவரு" என்று சொல்லிவந்தார். கேட்டுக் கேட்டு எனக்கு அருவருப்பாக இருந்தது. அப்பா சிரித்துக்கொண்டார்.

நாள் குறிப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மிங்கலாடோனில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். நானும் அப்பாவும் மட்டும். அம்மா தவறிப் பல வருடமாகிறது. அப்பா புது லுங்கி கட்டி, கழுத்துப் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக இருந்தார். அங்கே முதலாளி, அவருடைய மனைவி, மகன் என்று மூன்று பேர். முதலாளி தன் சேமிப்பிலேயே வயதான பரோலோவைக் காலையிலேயே திறந்து, அகலமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மூச்சு வாங்க விட்டிருந்தார். ஒயினுக்கு மூச்சு.

சாப்பாட்டுக்கு முன் எல்லோருக்கும் ஒரு விரற்கடை ஊற்றினார். அப்பா குடிப்பதில்லை என்றேன்.

"குடிக்க வேணாம், சும்மா மோந்து பாக்கட்டும்மா. இது ஒரு பரம்பரை. வெறும் சாராயம் இல்ல" என்றார் முதலாளி.

அப்பா மரியாதைக்குக் கோப்பையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோப்பையை மேசையில் வைத்து, தன்னிடமிருந்து தள்ளியும் வைத்தார்.

"இதுல தார் இருக்குங்க."

முதலாளிக்கு ஒரே கொண்டாட்டம். மேசையைத் தட்டினார். "இருக்கணும்ல! அதுதான் இதோட பெருமையே! நல்ல மூக்குங்க ஒங்களுக்கு!"

அப்பா அவரை, புத்தி பிசகிய ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதற்குள் மகன் தன் கோப்பையை வாயருகே கொண்டுபோயிருந்தான். அப்பா எழுந்து, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவனுடைய கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"வேணாம் தம்பி. கொட்டிருங்க."

கேங்கில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தன் குவளையை இன்னொருத்தன் கையால் மூடிவிட்டால், ஏன் எதற்கு என்று கேட்காமல் கீழே கொட்டிவிட வேண்டும். அந்தக் காலத்தில் மேஸ்திரிக்குத் தெரியாமல் நாட்டுச் சாராயத்தைக் காலித் தார் டின்னில் கொண்டுவந்து ஜல்லிக்குள் புதைத்து வைப்பார்களாம். ஒருமுறை அதில் வந்தது கெட்ட சரக்கு. முதலில் குடித்தவன் அப்பாவின் கூட்டாளி. மறுநாள் விடிந்தபோது அவனுக்குக் கண் தெரியவில்லை. அதன் பிறகு தெரியவே இல்லை. அந்தத் தார் டின் வாசனைதான் விஷத்தின் வாசனை என்று கேங்கில் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அப்பா குடியை விட்டதும் அன்றுதான். அன்றிலிருந்து தார் வாசனை அடிக்கிற எந்தக் குவளையையும் யார் வாய்க்கும் போகவிட மாட்டார். இதை அவர் அங்கேயே, நின்றபடி, திக்கித் திக்கிச் சொன்னார். கையை மட்டும் எடுக்கவில்லை. கொதிதார் தெறித்துத் தெறித்துப் பொத்தலும் தழும்பும் ஆன கை. வேலையை விட்டுப் பல வருடமாகியும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கை.

முதலாளி சிரித்தார். அப்புறம் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல், திராட்சை, பனி, பீப்பாய் என்று ஆரம்பித்தார். இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்த சரக்கு என்றார்.

"எத்தன வருசம் வச்சாலும் தார் தார்தானுங்களே" என்றார் அப்பா.

இதுவரைக்கும்கூட நான் சமாளித்திருப்பேன். சொல்லிப் புரியவைத்துவிடலாம், பிற்பாடு எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவனுடைய அம்மாவின் கண் அந்தக் கை மேலேயே இருந்தது. உதட்டைச் சுழித்தபடி சமையல்காரியைக் கூப்பிட்டு, அந்தக் கோப்பையை எடுத்துப்போய்விட்டு வேறொன்று கொண்டுவரும்படி பர்மிய மொழியில் சொன்னார். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. சமையல்காரி அப்பாவின் கை விலகுவதற்காகக் காத்து நின்றாள். பிறகு ஒரு காகிதக் கைக்குட்டையைச் சுற்றி, விளிம்பைத் தொடாமல் எடுத்துப்போனாள்.

"அந்தக் கைய மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கீங்க?" என்று சுவரைக் காட்டிக் கேட்டேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணாம்மா?" என்றார் அந்த அம்மாள். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அம்மா, சும்மா இருங்க" என்றால் போதும். அதுகூட வேண்டாம், புதுக் கோப்பையைத் தள்ளி வைத்தாலே போதும். அவன் என் பக்கம் குனிந்து, "ஊலேயை உக்காரச் சொல்லு, எல்லாரும் பாக்குறாங்க" என்றான். ஊலே என்றால் மாமா. அப்படித்தான் அப்பாவைக் கூப்பிடுவான். புதுக் கோப்பை வந்தது. அவனுடைய அப்பா ஊற்றினார். அவன் எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, மோந்து, குடித்தான். கன்னத்துக்குள் ஒருமுறை உருட்டிவிட்டு விழுங்கினான். அந்தத் தொண்டை ஏறி இறங்கியது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சாப்பாடு என்று ஏதோ நடந்தது. யாரும் நாள் குறிக்கவில்லை. அடுத்த வாரம் பேசலாம் என்றார் முதலாளி.

டாக்சியில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவமானத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். ஊருக்குள் வந்த பிறகு, "அந்தத் தம்பி எவ்வளவும்மா குடிச்சிச்சு?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தாம்ப்பா."

"கொஞ்சம்னாலும் போதும்மா. என் கூட்டாளியும் கொஞ்சந்தான் குடிச்சான்."

மறுநாள் காலை நான் எழுந்தபோது அப்பா என் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். தூங்கினவர் முகமாக இல்லை. "ஒரு போன் போட்டுக் கேளும்மா. காலையிலதான் தெரியும். எந்திரிச்சதும் கண்ணு தெரியுதான்னு கேளு" என்றார். அது நல்ல சாமான்தான், விஷமில்லை, வெளிநாட்டில் எல்லோரும் குடிப்பது என்று எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர போனை நீட்டியபடியே நின்றார்.

போன் போட்டேன். அவன் எடுத்ததும், "அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா நேர்ல வந்துரு, அதான் நல்லது" என்றான்.

"அப்பா ஒன் கண்ணு தெரியுதான்னு கேக்கச் சொன்னாரு. ராத்திரி பூரா தூங்கல."

அவன் சிரித்தான். நல்ல வேடிக்கையைக் கேட்ட மாதிரி, அடக்க முடியாமல் சிரித்து, பக்கத்தில் இருந்த யாரிடமோ அதைத் திருப்பிச் சொன்னான். அங்கேயும் சிரிப்புக் கேட்டது. இந்தக் கல்யாணம் வேண்டாம், இனி ஆபீசுக்கும் வரமாட்டேன் என்று இங்கிலீஷில் சொல்லி வைத்துவிட்டேன். அந்த பாஷை அப்பாவுக்குத் தெரியாது.

"என்னம்மா சொல்லுது? கண்ணு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்காம்ப்பா."

அப்பா அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "நல்ல வேள. நான் பயந்தே போயிட்டேன். நல்ல பிள்ள அது" என்றார். கல்யாணம் நின்றுபோனதை அன்று முழுவதும் என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை.