மேரியம்மா கொட்டிய தண்ணீர்

எங்கள் ஊர் அங்கன்வாடியில் ஏதாவது குழந்தை தரையை நனைத்துவிட்டால், உதவியாளர் பாக்கியமேரி, எங்களுக்கு மேரியம்மா, முதலில் தன் சொம்புத் தண்ணீரைக் காலால் தட்டிவிடுவார். "தோ, நான் தண்ணிய கொட்டிட்டேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் சேர்த்துத் துடைப்பார். நான் அங்கே போன காலத்திலும் அப்படித்தான். இருபது வருடம் கழித்து என் மகள் ஏஞ்சலைக் கொண்டுபோய் விட்டபோதும் அப்படித்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கைப்பேசியில் பார்த்துவிட்டு, உத்திரமேரூர் கடைத்தெருவில் வாத்து மாதிரி ஒரு பிளாஸ்டிக் கக்கா சேர் வாங்கி வந்தேன். ஏஞ்சல் அதில் உட்கார மறுத்து, பாயிலேயே போய்விட்டாள். தொடையில் அடித்தேன். ஐந்து விரலும் பதிந்தன.

அதன்பிறகு இரண்டு நாள் அவள் போகவே இல்லை. வயிறு கல்லாக இருந்தது. முட்டிக்கொண்டு வந்தாலும் கால்களைப் பின்னி, என்னைப் பார்த்தபடியே அடக்கினாள். படித்து என்ன பயன் என்று இருந்தது. மேரியம்மாவைக் கூப்பிட்டேன்.

"வாத்து மேல குந்த வெச்சிகினு கீறியே, கொயந்த இன்னா முட்டையா போடும்?" என்றார்.

பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் பாதங்களின் மேல் ஏஞ்சலை உட்கார வைத்தார். "வர்லன்னா போவுது. நாம காக்கா பாப்போம்."

அன்று வரவில்லை. மறுநாள் காலை அவர் பாதத்திலேயே போனாள். போனதும் பயந்து என் கையைப் பார்த்தாள்.

கால் கழுவும்போது மேரியம்மா சொன்னார்: "எம் பையன் வசந்துக்கு அப்ப மூணு வயசு. சர்ச்சுல எல்லார் எதிர்லயும் போயிட்டான். வூட்டுக்கு இட்டாந்து கரண்டிய காய்ச்சி தொடையில சூடு வெச்சிட்டேன். கஞ்சி கொட்டிச்சின்னு அவங்கிட்ட சொல்லி வெச்சிகீறேன். கிறிஸ்மஸுக்கு வருவான். மன்னிப்பு கேக்கணும்."

"இத்தினி வருசமா ஏம்மா கேக்கல?"

"வாய் வர்லியே."

கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டு, நான்கே நாளில் மேரியம்மா போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பிய வசந்த்குமார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். முட்டிக்கு மேல் அந்தத் தழும்பு. நான் பார்ப்பதைக் கவனித்தார்.

"சின்ன வயசுல கஞ்சிய கொட்டிகினேனாம். அம்மாதான் ஒரு வாரம் மடியிலயே வெச்சிகினு இருந்துச்சாம்."

சொல்ல வாயெடுத்தேன். உண்மையை நான் சொல்லிவிடலாம். அவர் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் எப்படிக் கேட்பேன்?

"ஆமாண்ணா" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஏஞ்சலிடம், அடித்ததற்கு, என்னுடைய மன்னிப்பைக் கேட்டேன். அவளுக்குப் புரிந்ததா, தெரியவில்லை. மேரியம்மா மகனிடம் கேட்க வேண்டியது அப்படியே இருக்கிறது.